பதினேழும் அறுபத்து மூன்றும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அண்ணாச்சி, நான் அங்கே இல்லை. இது நடந்தபோது நான் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொன்னவர் ஞானதிரவியம் சார். எங்கள் ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையில் முடி நரைக்கும்வரை எந்திரம் ஓட்டியவர். அவர் சொன்னதைத்தான் சொல்லப்போகிறேன். அவர் சொல்லாததைச் சேர்க்கமாட்டேன். எனக்கு நிச்சயமில்லாத இடத்தில் நிச்சயமில்லை என்றே சொல்வேன்.

ஆனால் நீங்கள் இப்போது சொன்னீர்களே, 'கணக்கைத் திருத்தின டாக்டரம்மா' என்று, அது தப்பு. அதைக் கேட்டுக்கொண்டு ராஜபாளையம் வரைக்கும் என்னால் சும்மா உட்கார்ந்து வர முடியாது. உங்கள் மருமகன் டாக்டர்தான், மறுக்கவில்லை. அவர் கண்ணால் பார்த்தாரா? அவருக்கும் யாரோ சொன்னதுதானே? அப்படியானால் நீங்களும் கேள்வி, நானும் கேள்வி. என் கேள்வி கொஞ்சம் பக்கத்திலிருந்து வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் யார் என்று கேட்டீர்கள். மூளை நரம்புப் பிரிவில் ஆராய்ச்சி உதவியாளர். பெயர்தான் பெரிது. எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் சரிபார்ப்பதும்தான் வேலை. பி.எஸ்சி. புள்ளியியல் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியது நான் ஒருவன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அப்பாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. கேட்பவர்களிடம் "மண்டை ஆஸ்பத்திரியில கணக்கப்பிள்ளை" என்கிறார். வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. ஓர் எண் இடம் மாறினால்கூட எனக்குச் சோறு இறங்காது. மற்றவர்கள் தப்புச் செய்தால் அது தப்பு. நாங்கள் செய்தால் 'அவங்க வீட்டுல யார் படிச்சிருக்கா' என்று ஆகிவிடும். அதனால் எதையும் யோசித்துத்தான் பேசுவேன். அதிலும் நோயாளி விஷயம் என்றால் வாயே திறக்கமாட்டேன்.

மேடம் பெயர் மனோரஞ்சிதம். மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்று ஒரு வியாதி. ஒயர் மேல் ரப்பர் இருக்கிறது பாருங்கள், அது அங்கங்கே உரிந்துபோனால் கரண்ட் எப்படித் தடுமாறும்? நரம்புக்கு அது நடக்கிறது. ஒருவருக்குக் கால் மரத்துப்போகும். இன்னொருவருக்கு ஒரு கண்ணில் புகை மூடும். பிறகு தானாகவே தெளிந்துவிடும். சனியன் விட்டது என்று வீட்டில் நினைப்பார்கள். ஒரு வருடம் கழித்து, நான்கு வருடம் கழித்து, மறுபடி வரும். ஸ்கேன் படத்தில் பார்த்தால் மூளைக்குள் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரியும். மேடம் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது அந்தப் புள்ளிகளைத்தான்.

அவர் வெளிநாட்டில் ஸ்கேன் படம் பார்க்கப் படித்துவிட்டுத் திரும்பி வந்தபோது இங்கே பெரிய டாக்டர்கள் சிரித்தார்களாம். "அது குளிர் தேசத்து வியாதிம்மா. நம்ம வெயிலுக்குத் தாங்காது."

"வியாதி வெயில் பார்த்து வர்றதில்ல சார். நீங்க பார்க்காம விட்டிருக்கீங்க."

இப்படிப் பேசினால் யாருக்குப் பிடிக்கும், சொல்லுங்கள். ஆனால் பேசினார். அப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த ஸ்கேன் எந்திரம் கிடையாது. வேறு ஊரில் ஒரு இடத்தில் ஞாயிற்றுக்கிழமை எந்திரம் சும்மா இருக்கும் என்று கேள்விப்பட்டு, ஒரு வேன் பிடித்து, நோயாளிகளை ஏற்றிக்கொண்டு, இட்லிப் பொட்டலத்தோடு போவாராம். செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் கேட்டாராம், "என்ன லோடு?" ஞானதிரவியம் சார் சொன்னாராம், "தலை லோடு சார்." மேடம் சிரித்ததை அவர் பார்த்தது அன்றைக்குத்தானாம். இது எனக்கு நிச்சயமில்லை. அவர் கதை சொல்லும்போது கொஞ்சம் மசாலா சேர்ப்பார்.

மேடத்தின் கட்சி என்னவென்றால், முதல் தடவை வந்தவுடனேயே மருந்தை ஆரம்பித்துவிட வேண்டும். மற்றவர்கள் கட்சி, நம் ஜனங்களுக்கு இது லேசாகத்தான் வரும், இரண்டாவது தடவை வரட்டும், பார்க்கலாம் என்பது. மேடம் சொன்னார்: ஆள் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே புள்ளி கூடிக்கொண்டுதான் இருக்கிறது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். சரி, நிரூபி என்றார்கள். இதை எப்படி நிரூபிப்பது? மருந்து சாப்பிடாமல், நன்றாக இருக்கிற ஆளை, சில வருடம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். நன்றாக இருக்கிறவன் எதற்கு ஆஸ்பத்திரிக்கு வருவான்? வரச்சொல்லிக் கடிதம் போட்டால் கடிதத்தை ஒளித்து வைப்பார்கள். கல்யாண வயதுப் பெண்கள்தான் இந்த வியாதியில் அதிகம், பாருங்கள். பத்துப் பேரைத் தேடிப் போனால் ஒருவர் வருவார். அப்படி ஒவ்வொருவராகச் சேர்த்துப் பதினைந்து வருடம்.

இனிமேல்தான் விஷயம். ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள், காற்றில் நான் சொல்வது உங்களுக்குக் கேட்காது.

படம் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு எண் மட்டும் போட்டு டாக்டர் முன்னால் வைப்பார்கள். யாருடைய படம் என்று தெரிந்தால் ஆசை கையை இழுத்துவிடும், இல்லாத புள்ளியும் தெரியும். அதற்காக. அன்றைக்கு மேடம் அறுபத்து மூன்றாம் எண்ணைப் பார்த்தார். பார்த்தவர் அடுத்த படத்துக்குப் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஞானம், இந்த வீட்டுக்கு நான் முன்னாடி வந்திருக்கேன்."

"எந்த வீடு மேடம்?"

"இந்த மண்டை. பழைய படங்களை எடுங்க. ஆரம்பத்துல பார்த்ததுல ஒண்ணு."

ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டுப் பார்த்து, பதினேழாம் எண்ணில் நிறுத்தினார். மூளை மடிப்பு ஆளுக்கு ஆள் மாறும் அண்ணாச்சி, கைரேகை மாதிரி. பதினேழில் மூன்று புள்ளி. அறுபத்து மூன்றில் அதே மூன்றும் அதே இடத்தில், கூடவே புதிதாகப் பதினொன்று. இரண்டும் ஒரே ஆள்.

நம் ஊரில் இது பெரிய ஆச்சரியமா? வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா இனிஷியல், பின்னால் புருஷன் இனிஷியல். முதல் தடவை வந்தபோது பத்தொன்பது வயதுப் பெண், கால் மரத்துப்போய், அப்பாவோடு வந்து, வீட்டுப் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்கியிருக்கிறாள். ஒரு வாரம் டிரிப் ஏற்றியதும் கால் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு வரவே இல்லை. எங்கள் கணக்கில் 'திரும்பி வராதவர்'. இரண்டாவது தடவை கண்ணில் புகை. சேலை கட்டி, கண்ணாடி போட்டு, கணவனோடு வந்து, சர்டிபிகேட் பெயரைச் சொல்லியிருக்கிறாள். 'புதிய நோயாளி'. சீட்டுப் போட்டவருக்கு என்ன தெரியும்? பார்த்த சின்ன டாக்டருக்கு என்ன தெரியும்?

எந்த ஊரா? ஊர் சொல்லமாட்டேன் அண்ணாச்சி. அதில் நான் கறார். உங்கள் பக்கம்தான், தென்காசிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

இப்போது புரிகிறதா, மேடத்துக்குக் கிடைத்தது என்ன என்று? மருந்தே சாப்பிடாமல், கல்யாணம் பண்ணி, இரட்டைப் பிள்ளை பெற்று, நான்கு வருடம் ஒரு குறையும் இல்லாமல் நடமாடிய பெண். உள்ளே புதிதாகப் பதினொரு புள்ளி. பதினைந்து வருடமாக மேடம் தேடிய ஆள் இவள்தான். தேடாமல் தானாக வந்து நிற்கிறாள்.

மேடம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கணவன் ஒரு நிமிடம் பிரியமாட்டார். ஃபைல் அவர் கையில்தான் இருக்கும், ஒவ்வொரு தாளையும் வரி விடாமல் படிப்பார். அவர் வர முடியாத இடம் ஸ்கேன் அறை ஒன்றுதான். அங்கே காந்தம், நோயாளியைத் தவிர வேறு யாரையும் விடமாட்டார்கள். மனைவியின் தோடு, வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு அவர் வெளியே நின்றார். உள்ளே மேடமும் அவளும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஞானதிரவியம் சார். நோயாளி பேசுவது கேட்க உள்ளே ஒரு மைக் இருக்கும். அதை அணைக்க மறந்துவிட்டேன் என்றார். மறந்தாரோ என்னவோ.

"உட்காரும்மா. இன்னிக்கு ஸ்கேன் இல்ல."

"அப்புறம் எதுக்கு டாக்டர் நகையெல்லாம் கழட்டச் சொன்னாங்க?"

"உன் வீட்டுக்காரர் வெளியே நிக்கணும்ல, அதுக்கு. இதுக்கு முன்னாடி நீ இங்க வந்திருக்கியா?"

"இல்ல டாக்டர். இதான் முதல் தடவை."

"கால் மரத்துப்போய் வந்தியே."

"அந்த டிரிப் போட்டது நான் இல்ல டாக்டர்."

"டிரிப்புன்னு நான் சொல்லவே இல்லையே."

மேடம்தான் மேலே பேசினார். "பேர் மாறலாம், இனிஷியல் மாறலாம், முகமே மாறலாம். மண்டைக்குள்ள இருக்கறது மாறாதும்மா. ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டேன்."

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க டாக்டர். அப்பா ஹெட்மாஸ்டர், ஊருக்கெல்லாம் நல்லது கெட்டது சொல்றவர், அவரே மறைச்சார். குணமாயிடுச்சுன்னுதான் நாங்க நெனச்சோம். வியாதிக்காரியைத் தள்ளிவிட்டாங்கன்னு தெரிஞ்சா எங்க மாமியார் என்னை ஒரு பொழுது வச்சிருக்க மாட்டாங்க. பிள்ளைங்களை விடமாட்டாங்க."

"உன் வீட்டுக்காரர்?"

"நல்லவர்தான். ஆனா மரக்கடை அவங்க அம்மா பேர்ல இருக்கு."

இதைச் சொல்லும்போது ஞானதிரவியம் சார் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"பழசைச் சொல்லலைன்னா மருந்து மாறிடுமா டாக்டர்?"

"மாறாது. எனக்குத் தெரிஞ்சா போதும். நாளைக்கே ஆரம்பிக்கலாம்."

"அப்போ உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கட்டும்."

"சரி," என்றார் மேடம். ஒரு 'சரி'. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லையாம்.

நீங்கள் கேட்கலாம், ஆராய்ச்சிக் கணக்கில்தான் பெயரே கிடையாதே, எண்தானே, சேர்த்துப் போட்டால் யாருக்குத் தெரியும் என்று. நானும் அப்படித்தான் கேட்டேன். அப்படி இல்லை அண்ணாச்சி. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த நிறுவனத்திலிருந்து ஆள் வருவார்கள். இரண்டு எண்ணை ஒன்றாக்கினால் எதற்கு என்று கேட்பார்கள். மூல ஃபைல் இரண்டையும் எடுத்து ஒட்டிப் பார்ப்பார்கள். இரண்டு பெயரில் இரண்டு ஒப்புதல் கையெழுத்து இருந்தால் புதிதாக ஒன்று வாங்க வீட்டுக்கே ஆள் அனுப்புவார்கள். யார் வந்து கதவைத் திறப்பார்? அந்த மாமியார்.

சேர்க்காமல் அப்படியே விட்டுவிடலாமே? ஒருத்தியை இரண்டு பேர் என்று எழுதுவது பொய். "பொய்யும் எழுதமாட்டேன், காட்டியும் கொடுக்கமாட்டேன்" என்று சொல்லி மேடம் பதினேழையும் அறுபத்து மூன்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்.

எடுத்ததுதான் தாமதம். படம் பார்த்த பிறகு இரண்டு பேரைத் தூக்கியிருக்கிறார், காரணம் எழுதவில்லை, ஆகவே பிடிக்காத எண்ணைத் தூக்கிவிட்டார் என்று பேச்சு. உங்கள் மருமகன் காதுக்கு வந்தது இதுதான். விசாரணை வைத்தார்கள். படத்தை யாராவது மாற்றினார்களா என்று கேட்க ஞானதிரவியம் சாரையும் கூப்பிட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு அவர் கதவோரம் நின்றார். தலைமை டாக்டர் திருவேங்கடம்தான் கேட்டார். அந்த வேன் காலத்திலிருந்து மேடத்துக்குப் பழக்கமானவர்.

"காரணம் எழுதலையே."

"எழுதியிருக்கேன் சார். நோயாளி நலன்."

"என்ன நலன்?"

"அதைச் சொன்னா அது போயிடும்."

"பிடிக்காத ஆளைத் தூக்கிட்டாங்கன்னு வெளியில பேசுவாங்க."

"பேசட்டும். அவங்களுக்கும் பொழுது போகணும்ல."

"விளையாடாதீங்க ரஞ்சிதம். பதினஞ்சு வருஷம். ஒரு வரி சொல்லுங்க, நானே கையெழுத்துப் போடறேன்."

"அந்த ஒரு வரி என்னோடது இல்ல சார்."

அவ்வளவுதான். கூட வேலை பார்த்தவர்கள் தங்கள் பெயரை எடுத்துக்கொண்டார்கள். பெரிய பத்திரிகைக்குப் போக வேண்டிய கட்டுரை சின்னப் பத்திரிகையில் தனியாக மேடம் பெயரில் வந்தது. 'இந்த எண்ணிக்கையைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது' என்று அவரே கடைசியில் எழுதினார். தலைமைப் பதவி வேறு ஒருவருக்குப் போனது. மேடம் அடுத்த நாள் காலையில் வழக்கம்போல வந்து புறநோயாளி சீட்டை எடுத்து முதல் பெயரைக் கூப்பிட்டாராம். அழுதிருப்பார், ஓடிப்போயிருப்பார் என்று எதிர்பார்த்தவர்கள் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்களாம். "என்ன, டோக்கன் வேணுமா?" என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த மாதம் மேடம் முழுதாக ஓய்வு பெறுகிறார். விழா வைக்கிறார்கள். அந்த விழாவிலும் ஓரத்தில் நின்று இரண்டு பேர் இதையேதான் பேசுவார்கள், எனக்குத் தெரியும். நான் விடப்போவதில்லை. மைக்கைப் பிடித்துச் சொல்லப்போகிறேன். மேடைப் பேச்சு எனக்கு வராது. அதனால்தான் முன்பின் தெரியாத உங்களிடம் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். யார் பெயரையும் சொல்லமாட்டேன். எண் மட்டும்தான்.

மேடத்திடம் நேராகவே கேட்டேன், "பதினேழும் அறுபத்து மூணும் ஏன் மேடம் கணக்குல இல்ல?" என்று. நிமிர்ந்து என்னையே பார்த்தார். "தம்பி, உனக்குக் குடுத்த வேலை எண்ணைச் சேர்க்கறது. ஆளைச் சேர்க்கறது இல்ல." எதற்கு அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. வயதாகிவிட்டது, எல்லாம் சலித்துப்போயிருக்கும். அவருக்காக அவர் பேசமாட்டார். வேறு யாராவதுதான் பேச வேண்டும்.

என்ன கேட்டீர்கள்? ஆமாம், இரட்டைப் பிள்ளை இரண்டும் பையன்கள். ஹெட்மாஸ்டர் இருக்கிறாரா தெரியவில்லை. ஏன் அண்ணாச்சி, இவ்வளவு நேரம் பேசிக்கொண்டு வந்தீர்கள், இப்போது பேச்சையே காணோம்? உங்களுக்குத் தெரிந்தவர்கள் மாதிரி இருக்கிறதா? இருக்காது. அந்தப் பக்கம் மரக்கடை ஒன்றா இரண்டா.

நீங்கள் இன்னும் நம்பவில்லை போலிருக்கிறது. ராஜபாளையம் வந்துவிட்டது, ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். இது ஞானதிரவியம் சார் சொன்னது இல்லை. அவர் பேச்சை அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை என்பதால் பழைய எண்களை எடுத்து நானே போட்டுப் பார்த்தது. எங்கள் கணக்கில் ஒரு கோடு உண்டு. ஒரு முடிவு தற்செயலாக வந்திருக்கக்கூடிய வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால்தான் உலகம் நம்பும். மேடம் இருவரையும் எடுத்துவிட்டுப் போட்டபோது ஏழு வந்தது, கட்டுரையில் இருப்பதும் அதுதான். யாரும் கேள்வி கேட்காதபடி இருவரையும் அப்படியே விட்டிருந்தாலும் அதே ஏழுதான், ஏனென்றால் ஒரே ஒரு ஸ்கேனோடு நிற்கிற திரும்பி வராதவரும் புதியவரும் அந்தக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. இருவரையும் ஒருத்தியாகச் சேர்த்துப் போட்டால் நான்கு.